சிலைக்கும் ஒரு வில்லங்கச் சான்று வேண்டும்: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்கள் துறை இயக்குநர் அவர்களுக்கும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஒரு பொருள் உள்ளே வந்ததும் எண் போட்டு எழுதி வைப்பீர்களே, அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து தேடிப் பார்க்கும்படி இணையத்தில் முழுசாகத் திறந்து வையுங்கள். மெய்நிகர் சுற்றுலா, ஒளி ஒலிக் காட்சி எல்லாம் வந்தால் சந்தோஷம்தான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் பதிவேடு வர வேண்டும். பொறுக்கி எடுத்த ஐம்பது அழகான படங்கள் போதாது. உடைந்த ஓடு, தேய்ந்த காசு, கிடங்கில் இருப்பது, காட்சிக்கு வைக்காதது எல்லாமே அதில் இருக்க வேண்டும்.

ஏன் பதிவேட்டையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், உங்களிடம் இருப்பவை ஒரே வழியில் வந்தவை அல்ல. 1851ல் சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 கல் மாதிரிகளோடு தொடங்கிய இடம் இது. பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், ஜனங்கள் உயிருள்ள மிருகங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று கண்டுகொண்டு, 1855ல் அதே வளாகத்தில் ஒரு மிருகக்காட்சி சாலையையே தொடங்கினார். 1863ல் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. செத்த காலேஜ், உயிர் காலேஜ் என்று காணும் பொங்கல் கூட்டம் சொன்னது இந்த இரண்டையும்தான். அப்புறம் 1863ல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கருவிகளை 1904ல் மதராஸ் அரசு விலை கொடுத்து வாங்கியது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவையும் எழும்பூருக்கு வந்தன. ஒன்று நன்கொடை, ஒன்று கொள்முதல், ஒன்று அகழாய்வு. ஐம்பொன் திருமேனிகளில் பல வந்த வழி இன்னொன்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அமராவதி, பழைய பௌத்தத் தூபி இருந்த ஊர். 1845ல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டிய சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் சென்னைக்கு வந்து வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1858ல் மதராஸ் அரசு தன்னுடைய புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப்பை வைத்து அவற்றைப் படம் எடுத்து, புத்தகமாகவும் போட்டது. யோசித்துப் பாருங்கள், நூற்று அறுபது வருஷத்துக்கும் மேலாகிறது, அன்றைக்குக் கேமரா என்றால் ஒரு மூட்டை சாமான். மறு வருஷமே அந்தக் கற்களில் பெரும் பங்கைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள், அது தனிக் கதை, தனி வயிற்றெரிச்சல். இன்றைய நிலை என்ன தெரியுமா? பிரிட்டிஷ் மியூசியத்தின் தளத்தில் 1880,0709 என்று தொடங்கும் எண்களைத் தேடினால், போன கற்கள் வரிசையாக வருகின்றன, படம், அளவு, யார் எடுத்தது, எப்படி வந்தது என்ற விவரத்தோடு. எழும்பூர் பாந்தியன் சாலையில் உங்களிடமே தங்கிவிட்ட கற்களுக்கு அப்படி ஒரு தேடல் இல்லை. கொண்டுபோனவன் கணக்குக் காட்டுகிறான், வைத்திருக்கிற நாம் காட்டவில்லை. இதில் அமராவதி ஆந்திராவில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் தன் ஊர்ச் சிற்பத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் லண்டன் தளம்தான் கை கொடுக்கிறது.

உங்கள் துறைக்கு இந்த வேலை புதிதும் இல்லை. 1932ல் கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் உலோகத் திருமேனிகளுக்குப் பட்டியல் போட்டார்கள், 1942ல் சி. சிவராமமூர்த்தி அமராவதிச் சிற்பங்களுக்குப் போட்டார். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அந்தப் புத்தகங்களைத்தான் புரட்டுகிறார்கள். அந்த வரிசையின் அடுத்த படியைத்தான் கேட்கிறேன்.

சரி, ஐம்பொன்னுக்கு வருவோம். வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் நிற்கிறார். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை, அந்தப் பக்கம் இடுப்பு வளைகிற வளைவைப் பார்த்தால் அது வார்த்த உலோகம் என்றே நம்ப முடியாது. வலப்பக்கத்துக் கைகளில் ஒன்று சாய்ந்திருக்க வேண்டிய காளையைக் காணோம், கை மட்டும் காற்றில் நிற்கிறது. எனக்கு இங்கேதான் கேள்விகள் வருகின்றன. மண்ணிலிருந்து இவர் வெளியே வந்தபோது கூட வேறு என்னென்ன கிடைத்தன, அவை இப்போது தஞ்சாவூரில் இருக்கின்றனவா இங்கேயா, தாசில்தார் அன்றைக்கு எழுதிய விவரம் என்ன? வயலில் வரப்பு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ சிலை கிடைத்தால், 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லி, விசாரணை நடந்து, அதன் பிறகே அது உங்கள் கைக்கு வருகிறது. ஆக ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கோப்பு. பெயர்ப் பலகையில் மிஞ்சுவதோ சாமி பெயர், நூற்றாண்டு, மாவட்டம். காசுகள் கதை இன்னும் மோசம். ஒரே பானையில் கிடைத்த காசுகளில் ஒரே மாதிரி இருப்பவற்றைப் பிரித்துப் பல ஊர் அருங்காட்சியகங்களுக்கு அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். அந்தப் பானையைத் திரும்ப ஒட்டவைக்கக் கூடியது பதிவேடு ஒன்றுதான்.

படத்தை வெளியே விட்டால் திருடனுக்கு வழிகாட்டியது ஆகாதா என்று கேட்பீர்கள். நடந்ததைப் பார்த்தால் நேர் எதிராக இருக்கிறது. 1976ல் பத்தூரில் மண்ணுக்குள் கிடைத்த நடராசர் திருட்டுத்தனமாக லண்டன் போய்விட்டார். அவர் நம் ஊர்க்காரர்தான் என்று நிரூபிக்க, சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் வரை ஆராய்ந்து நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. 1991ல்தான் வீடு திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராசரோ ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்தில் இருந்து 2014ல் திரும்பினார், அதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயிலில் எடுத்து வைத்திருந்த பழைய படங்கள் கை கொடுத்தன. படம் இருந்தால் வழக்கு பாதி ஜெயித்த மாதிரி. நாளைக்கு எந்த ஏலத்திலாவது ஒரு பொருள் தலைகாட்டினால், உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரம் பேர் தயாராக இருக்கிறார்கள், சம்பளம் கேட்க மாட்டார்கள். எந்த அலமாரி, எந்தப் பூட்டு என்பதைச் சொல்ல வேண்டாம், அதை யாரும் கேட்கவும் இல்லை.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன், அதற்காகவே எளிய வழியைக் கேட்கிறேன். பதிவேட்டில் தப்பு இருக்கும், ஊர்ப் பெயர் பிழையாக இருக்கும், எல்லாவற்றையும் திருத்திய பிறகு போடலாம் என்று நினைத்தால் அது நம் காலத்தில் நடக்காது. இருக்கிறபடியே போடுங்கள், திருத்தம் சொல்ல ஒரு பெட்டி வையுங்கள். இந்தக் கல்வெட்டை இப்படிப் படிக்க வேண்டும், இந்த ஊர் இப்போது இந்தப் பெயரில் இருக்கிறது என்று சொல்ல ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களும் கல்வெட்டுப் படிக்கப் பழகும் இளைஞர்களும் இருக்கிறார்கள். படங்களுக்கு உரிமை கிரிமை என்று கட்டுப்பாடு போடாமல் விடுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017லேயே பொதுவுடைமையான தன் கலைப்பொருட்களின் படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. சோழன் காலத்து ஸ்தபதிக்கு இப்போது யாரும் ராயல்டி கொடுக்கப்போவதில்லை.

இந்த மாநிலத்தில் கால் கிரவுண்டு நிலத்துக்குக்கூடப் பட்டாவும் வில்லங்கமும் இணையத்தில் பார்த்துவிட முடிகிறது. ஆயிரம் வருஷத்துச் சிலை யார் கையிலிருந்து எப்போது எப்படி அரசாங்கத்திடம் வந்தது என்று பார்க்கவும் அதே மாதிரி ஒரு பக்கம் போதும்.

ஒரேயடியாக எல்லாம் வேண்டாம். புதையலாக வந்தவற்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், ஊர், வட்டம், மாவட்டம் வாரியாக. ஒவ்வொன்றுக்கும் எண், கிடைத்த இடம், கிடைத்த வருஷம், கூடக் கிடைத்தவை, உயரம், முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், பீடத்தின் எழுத்தும் ஒட்டுவேலையும் அங்கேதான் தெரியும். தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும், பதிவேட்டில் உள்ள பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலும் பக்கத்திலேயே இருக்கட்டும், ட்ராங்கபார் என்று எழுதியிருப்பதைத் தரங்கம்பாடிக்காரர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா. வரும் மே 18 அருங்காட்சியக நாளுக்கு ஏதாவது ஒரு மாவட்டத்தின் பட்டியலை மட்டுமாவது வெளியிட முடியுமா என்று பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எழும்பூருக்கு அடிக்கடி வந்துபோகும் ஒரு பார்வையாளர்