குழாய் புதைக்கும் முன் நீரை அளப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுப் புல்வெளிக்கு நிலத்தடித் தெளிப்பான் அமைக்க விரும்புவோர் பலர், குழாய்களை வாங்கிய பின்னரே நீரின் அளவைப் பற்றி யோசிக்கிறார்கள்; இந்த வரிசை மாற வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன். குழாயை முழுதாகத் திறந்து வைக்கும்போது 20 லிட்டர் வாளி 40 வினாடிகளில் நிரம்பினால், நிமிடத்துக்குக் கிடைப்பது 30 லிட்டர். இந்த எண்ணும், குழாயில் அழுத்தமானியைப் பொருத்திக் குறித்த அழுத்தமும்தான் ஒரே நேரத்தில் எத்தனை தெளிப்பான்கள் இயங்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இடைவெளியில் சிக்கனம் பார்ப்பது பெருந்தவறு. ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் அடிவரை எட்ட வேண்டும். 4 மீட்டர் வீசுபவை ஏறக்குறைய 4 மீட்டர் இடைவெளியிலேயே நிற்க வேண்டும். இல்லையெனில் புல் திட்டுத் திட்டாகக் காயும்; அதைக் காப்பாற்ற நேரத்தைக் கூட்டக் கூட்ட, மற்ற இடங்களில் நீர் வீணாகத் தேங்கும். நிலையான தெளிப்பான்கள் மணிக்கு ஏறத்தாழ 40 மி.மீ. நீரைப் பொழிய, சுழல் தெளிப்பான்கள் பெரும்பாலும் அதில் பாதிகூடப் பொழிவதில்லை என்பதால், இரண்டையும் ஒரே வால்வில் இணைக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நீர் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் கருவியான பின்னோட்டத் தடுப்பான். குடிநீர்க் குழாயில் அழுத்தம் திடீரெனக் குறையும்போது, உரமும் பூச்சிமருந்தும் கலந்த புல்வெளி நீர் வீட்டுக்குள் இழுக்கப்படக்கூடும். குடிநீர் இணைப்பிலிருந்து நீர் எடுப்போர் செலவைக் காரணம் காட்டி இதை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்