கடன் வாங்கிக் கழித்தல்

வென்ட்வொர்த்வில், சிட்னி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தானுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

போனில் என் பையன் படிப்பைப் பற்றி நீ கேட்டபோது மழுப்பிவிட்டேன், அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். ஜூன் கடைசியில் அரையாண்டு ரிப்போர்ட் வந்தது. கணக்கில் 'சி', சொந்தமாக எழுதுவதில் 'டி'. 'சி' வாங்கினால் இங்கே மோசமில்லை, அந்த வகுப்புக்கு வேண்டியது தெரியும் என்றுதான் அர்த்தம். ஆனால் 'டி'யைப் பார்த்ததும் வீட்டில் அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சரி, டியூஷன் தேடுவோம் என்று கிளம்பினேன். ஊரில் திண்ணை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ இருக்க, நான் இங்கே டியூஷனுக்கு அலைகிறேன்.

எங்கள் பகுதியில் டியூஷனுக்குப் பஞ்சமில்லை. நம்மவர் மளிகைக் கடைக் கதவில் அரிசி விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள். காகிதத்தின் அடியைச் சீப்புப் பல் மாதிரி வெட்டி, ஒவ்வொரு பல்லிலும் போன் நம்பர். பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள். தலைப்பிலேயே '99.40' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வரும் தர எண் அது, உச்சமே 99.95தான். ஒரு பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன், மணிக்கு 50 டாலர் என்றான். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்க்காதே, நான் போட்டுப் பார்த்துத்தான் தூக்கம் கெட்டேன்.

அப்புறம் ஒரு கோச்சிங் சென்டருக்குப் போனோம். இலவசமாக ஒரு டெஸ்ட் வைத்தார்கள். வந்த தாளில் எல்லாக் கட்டமும் சிவப்பு. ஒரு டெர்ம் பத்து வாரத்துக்கும் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். அந்த இலவச டெஸ்டைப் பிள்ளையை எழுத வைத்து, 'உன் பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போ' என்று அவர்கள் சொல்லக் கேட்ட தகப்பன் யாராவது உண்டா என்று தெரியவில்லை.

இந்த ஓட்டத்துக்கெல்லாம் காரணம் செலக்டிவ் பரீட்சை. ஆறாம் வகுப்பில் எழுத வேண்டும். கிராவீன், பால்கம் ஹில்ஸ், கார்லிங்ஃபோர்டில் இருக்கும் ஜேம்ஸ் ரூஸ் மாதிரி அரசுப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பில் சேர அதுதான் வாசல். மாநிலம் முழுக்க இருப்பதே சுமார் 4,200 இடம், எழுதுவது 17,000 பேருக்கும் மேல். கோயிலில் பார்த்தாலும் இதே பேச்சு. நம்ம பையன் நாலாவதுதான் படிக்கிறான், அதற்குள் 'இன்னுமா சேர்க்கவில்லை?' என்கிறார்கள்.

கடைசியில் ஆள் கிடைத்தது நூலகத்தில். ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி டீச்சர், எழுபது வயதிருக்கும், இந்த ஊர் வெள்ளைக்கார அம்மா. இங்கே காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அரசின் குற்றப் பின்னணிச் சோதனையில் தேறி ஒரு எண் வாங்க வேண்டும். ஐந்து வருஷம் செல்லும். நான் கேட்பதற்கு முன்பே அந்த எண்ணை எழுதி நீட்டினார். 'வாரம் ஒரு மணி நேரம் போதும். பரீட்சைக்குத் தயார் செய்ய மாட்டேன்' என்றும் சொல்லிவிட்டார். வீட்டில் அவளுக்கு அதில் வருத்தம்தான். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

முதல் நாள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 63-லிருந்து 27 போக எவ்வளவு? இவன் நீ சொல்லிக்கொடுத்தபடி 'மூணுல ஏழு போகாது' என்று தமிழிலேயே முணுமுணுத்துக்கொண்டு கடன் வாங்கினான். உடனே பயந்துபோய் அழித்தான். பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி, ஒரு கோடு போட்டு அதில் பின்னால் தாவித் தாவிப் போக வேண்டும். 63-லிருந்து 20 தாவினால் 43, இன்னும் 7 தாவினால் 36. இத்தனை நாள் வீட்டில் நான் ஒன்று சொல்ல, பள்ளியில் ஒன்று சொல்ல, நடுவில் அவன் முழித்திருக்கிறான்.

அந்த அம்மா ரப்பரைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். 'உன் அத்தை முறையை எனக்குச் சொல்லிக்கொடு' என்றார். சொன்னான். அப்புறம் தான் சின்ன வயதில் படித்த முறையைப் போட்டுக் காட்டினார். மேலே 3-ஐ 13 ஆக்கி 7-ஐக் கழிக்கிறார், 6. ஆனால் மேலே 3-க்குப் பக்கத்தில் இருக்கும் 6-ஐத் தொடவே இல்லை. கீழே இருக்கும் 2-ஐ 3 ஆக்கிவிடுகிறார். ஆறில் மூன்று போக மூன்று. அதே 36! மேலே வாங்கிய பத்தைக் கீழே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இவன் வீட்டுக்கு வந்து, 'அத்தை கடன் வாங்கிட்டுத் திருப்பியே தர மாட்டாங்களா?' என்கிறான். நீயே பதில் சொல்லிக்கொள்.

எழுத்து இன்னும் தேறவில்லை. நேற்று எங்கள் தெரு நாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான். முற்றுப்புள்ளியே இல்லை, ஆனால் ஒரு பக்கம்.

வரும் ஞாயிறு உங்கள் ஊர் எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். இங்கே அப்போது பன்னிரண்டரை. உன் டியூஷன் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள், அந்தத் திருப்பிக் கொடுக்கிற கணக்கை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று இவன் பிடிவாதமாக இருக்கிறான்.

அன்புடன்,
உன் தம்பி