தமிழ் நூலகங்களுக்குத் தேடுபொறி: நிறுவிய பிறகு செய்ய வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிமாநிலங்களில் உள்ள தமிழ் அமைப்புகள் தங்கள் நூல் பட்டியல்களை இணையத்தில் தேடிப் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். டாக்கர் போன்ற கன்டெய்னர் மென்பொருள் வந்துவிட்டதால் ஒரு தேடுபொறி சர்வரை அரை மணி நேரத்தில் நிறுவிவிடலாம் என்று அதில் கூறியிருந்ததும் உண்மைதான். ஆனால் நிறுவிய மறுநாள் தொடங்கும் வேலையைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பெங்களூரில் சர்வர் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். அல்சூர்ப் பகுதியில் உள்ள ஒரு வாசகர் வட்டத்தின் நூல் பட்டியலையும் பார்த்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, விடுபட்டதைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

2013-இல் டாக்கர் வெளிவந்த பிறகு, ஒரு மென்பொருளையும் அது ஓடுவதற்கு வேண்டிய அத்தனை கோப்புகளையும் ஒரே இமேஜாகக் கட்டி, எந்த லினக்ஸ் கணினியிலும் இறக்கி ஓடவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படி ஓடும் இமேஜைத்தான் கன்டெய்னர் என்கிறோம். எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச், சோலர் ஆகிய மூன்று தேடுபொறிகளும் இவ்வாறு அதிகாரப்பூர்வ இமேஜ்களாகவே கிடைக்கின்றன. மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றே: டக் கட்டிங் 1999-இல் எழுதத் தொடங்கிய லூசீன் என்னும் நிரல் தொகுப்பு. முன்பெல்லாம் இவை ஓடத் தேவைப்படும் ஜாவாவின் எந்தப் பதிப்பு எதனோடு ஒத்துப்போகும் என்று பார்ப்பதிலேயே ஒரு நாள் போய்விடும்; அந்தத் தொல்லை இன்று இல்லை. ஆனால் கன்டெய்னர் தனக்கென்று ஒரு கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவை, கொண்டுவருவதில்லை, தன்னை ஓட்டும் கணினியின் கெர்னலையே பகிர்ந்துகொள்கிறது. ஆகவே சில அமைப்புகளை வெளியே, அந்தக் கணினியிலேயே செய்தாக வேண்டும். ஒரு நிரல் கோப்புகளை நினைவகத்தோடு இணைக்க வைத்துக்கொள்ளக்கூடிய மெமரி மேப்களின் உச்ச எண்ணிக்கை பல லினக்ஸ் வகைகளில் நெடுங்காலமாக 65530 என்றே இருந்துவந்தது. எலாஸ்டிக்சர்ச்சுக்கும் ஓப்பன்சர்ச்சுக்கும் குறைந்தது 262144 வேண்டும். அதை ஒரு கட்டளையால் மட்டும் மாற்றினால், மின்தடைக்குப் பின் கணினி மீண்டும் எழும்போது பழைய எண்ணே திரும்பி வந்துவிடும். கெர்னல் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால்தான் நிலைக்கும். நினைவகத்திலும் கவனம் வேண்டும். கன்டெய்னருக்கு ஒதுக்கும் நினைவகத்தில் பாதிக்கு மேல் ஹீப்புக்கு, அதாவது ஜாவா தன் வேலைக்கு ஒதுக்கிக்கொள்ளும் பகுதிக்கு, கொடுக்கக் கூடாது. மீதிப் பாதி கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளத் தேவைப்படுகிறது. வரம்பு மீறினால் கெர்னல் அந்த நிரலைக் கொன்றுவிடும், நமக்குக் கிடைப்பது 137 என்ற வெளியேற்ற எண் ஒன்றுதான்.

தரவு எங்கே இருக்கிறது என்ற கேள்வியை நிறுவுகிற அன்றே கேட்டுவிட வேண்டும். கன்டெய்னருக்குள் எழுதப்படுவது அந்தக் கன்டெய்னரை நீக்கும்போது அதனோடு போய்விடும். அதனால் தேடுபொறியின் தரவுக் கோப்புறையைப் பெயரிட்ட ஒரு வால்யூமில், அதாவது கன்டெய்னரை நீக்கினாலும் நிலைக்கும் சேமிப்பிடத்தில், வைப்பது கட்டாயம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் தரவுக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டு அதைக் காப்புப் பிரதி என்று நம்புவோரைப் பார்க்கிறேன். அந்த நகல் பெரும்பாலும் திறக்காது. தேடுபொறி தரும் ஸ்னாப்ஷாட் வசதியால் எடுப்பதுதான் செல்லும். அதைவிட முக்கியமாக, மூலப் பட்டியல் ஒருபோதும் தேடுபொறிக்குள் மட்டுமே இருக்கக் கூடாது. அட்டவணைக் கோப்பாகவோ சாதாரணத் தரவுத்தளத்திலோ அது தனியே இருந்தால், தேடுபொறி முழுவதும் அழிந்தாலும் சில நிமிடங்களில் மறுபடி கட்டிவிடலாம். இமேஜின் பதிப்பு எண்ணையும் திட்டமாகக் குறிப்பிட வேண்டும். புதிய பெரும்பதிப்பு தனக்கு நேர் முந்திய பெரும்பதிப்பில் உருவான தரவைத்தான் பொதுவாகப் படிக்கும், ஏறிய பின் இறங்க வழியில்லை.

பாதுகாப்பு பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. 2020 ஜூலையில் ‘மியாவ்’ என்று பெயர் பெற்ற தாக்குதலில், பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த எலாஸ்டிக்சர்ச், மாங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டன. மீட்புப் பணம்கூடக் கேட்கவில்லை, அழித்ததோடு சரி. அதன் பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது: 2022-இல் வந்த எலாஸ்டிக்சர்ச் 8 முதல் பாஸ்வேர்டும் குறியாக்கமும் தாமாகவே இயங்குகின்றன, ஓப்பன்சர்ச்சும் 2.12 பதிப்பு முதல் நாமே ஒரு பாஸ்வேர்டைக் கொடுக்காமல் தொடங்குவதில்லை. ஆனாலும் பழைய செய்முறைகளைப் பார்த்து நிறுவுவோர், தொந்தரவாக இருக்கிறது என்று முதல் வேலையாக அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடுகிறார்கள். இன்னொரு கண்ணியும் உண்டு. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலைப் போட்டு, தேடுபொறிக்கான இணைய வாசலாகிய 9200 போர்ட்டை மூடிவிட்டதாக நாம் நிம்மதியாக இருப்போம். டாக்கரோ ஒரு போர்ட்டை வெளியிடும்போது தன் விதிகளை, லினக்ஸின் போக்குவரத்து விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் தானே எழுதிவிடுகிறது. அந்தப் போக்குவரத்து நம் ஃபயர்வாலின் கண்ணில் படாமலே உள்ளே வந்துவிடும். எனவே போர்ட்டை 127.0.0.1 என்ற உள் முகவரியோடு மட்டும் கட்டி, வெளியுலகுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு வெப் சர்வரை நிறுத்தி, தேடல் கேள்விகளை மட்டும் அனுமதிக்க வேண்டும். நூல் இரவல் வாங்கிய உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் தேடுபொறிக்குள் போகவே வேண்டாம். 2023-இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்ட நாட்டில், சிறிய அமைப்புதானே என்பது சமாதானம் ஆகாது.

இவை எல்லாம் எந்த மொழிக்கும் பொது. ஆனால் எங்கள் வாசகர்களைத் தேடுபொறி கைவிட்ட இடம் வேறு. ‘கௌரவம்’ என்று தட்டிய ஒரு பெரியவருக்கு ஒரு முடிவும் வரவில்லை. அச்செடுத்த பட்டியலிலோ அந்தச் சொல்லைத் தலைப்பில் கொண்ட நூல் கண்ணுக்கு முன் இருந்தது. காரணம், பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறியை இடாமல், கெ என்ற எழுத்தை அடுத்து ள என்ற எழுத்தை அடித்திருந்தார். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ‘கொ’ என்ற எழுத்தைக்கூட யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒற்றை ஒகரக் குறி, அல்லது க-வோடு எகரக் குறியும் கால் குறியும். ஒகரச் சிக்கலை யூனிகோடின் சீராக்க விதியே தீர்த்துவிடும். ஔகாரச் சிக்கலை அது தீர்க்காது, ஏனெனில் அது எழுத்துப்பிழை. புள்ளியோ உயிர்க்குறியோ ஏறாத ள, எகரக் குறி பெற்ற எழுத்தை அடுத்து வந்தால் அதை ஔகாரமாகப் படி என்று நாமே ஒரு விதி எழுதினோம். ‘வெள்ளம்’, ‘தெளிவு’ போன்ற சொற்கள் அந்த விதியில் சிக்காமல் தப்பிவிடுகின்றன.

அடுத்தது ஒற்று. ‘தமிழ்ச் சங்கம்’ என்று பட்டியலில் இருக்கிறது, வாசகர் ‘தமிழ்’ என்று தேடுகிறார். தேடுபொறி என்பது, சொற்களை வரிசைப்படுத்தி, எந்தச் சொல் எந்த நூலில் வருகிறது என்று எழுதி வைத்த ஒரு பெரிய பொருளடைவுதான். அதில் ‘தமிழ்ச்’ ஒரு சொல், ‘தமிழ்’ வேறொரு சொல். நல்ல வேளையாக, தமிழ்ச் சொற்கள் இயல்பாக வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே சொல்லின் கடைசியில் நிற்கும் க், ச், த், ப் ஆகியவற்றை வெட்டிவிடச் சொல்லலாம். ‘புக்’ போன்ற பிறமொழிச் சொற்களும் வெட்டுப்படும் என்றாலும், பட்டியலிலும் தேடும் சொல்லிலும் ஒரே விதி நடப்பதால் தேடல் பெரிதாகக் கெடுவதில்லை. வேற்றுமை உருபுகள்தான் கடினம். ‘மரம்’ என்று தேடுவோருக்கு ‘மரத்தின்’ என்பதும், ‘வீடு’ என்று தேடுவோருக்கு ‘வீட்டில்’ என்பதும் கிடைக்க வேண்டும். உருபுகளை வெட்டிச் சொல்லடி காணும் ஸ்னோபால் என்ற தொகுப்பில் தமிழுக்கும் நிரல் இருக்கிறது, லூசீனிலும் அது சேர்ந்திருக்கிறது. அது பெரிய உதவி. ஆனால் முழுத் தீர்வு அல்ல. சில இடங்களில் கூடுதலாக வெட்டும், சில இடங்களில் வெட்டாது. அதனால் ஒவ்வொரு தலைப்பையும் உள்ளபடியே ஒரு முறை, சொல்லடியாக ஒரு முறை என இரண்டு விதமாகச் சேமித்து, உள்ளபடி பொருந்துவதை மேலே காட்டும்படி அமைப்பதே சரியென்று நினைக்கிறேன். ‘ராஜராஜன்’, ‘இராசராசன்’ போன்ற வேறுபாடுகளுக்கு விதியைவிட ஒரு மாற்றெழுத்துப் பட்டியலே மேல். அதைத் தயாரிக்கப் பொறியாளரைவிட, நூல்களோடு பழகிய ஒரு தமிழாசிரியரே தகுதியானவர்.

இந்தத் தமிழ் வேலையும் கன்டெய்னரைக் கையாளும் விதமும் ஓரிடத்தில் நேராகவே சந்திக்கின்றன. யூனிகோடைச் சீராக்கும் ஐசியூ இணைப்பு, எலாஸ்டிக்சர்ச்சின் அடிப்படை இமேஜில் கிடையாது. ஓடும் கன்டெய்னருக்குள் நுழைந்து அதை நிறுவினால் அன்றைக்கு நன்றாகவே வேலை செய்யும். பிறகு யாராவது பதிப்பை உயர்த்துவதற்காகக் கன்டெய்னரை நீக்கிப் புதிதாகத் தொடங்கினால் இணைப்பு காணாமல் போயிருக்கும், தேடல் திறக்காது. அந்த இணைப்பைச் சேர்த்து நமக்கென ஓர் இமேஜைக் கட்டி, அதைக் கட்டும் செய்முறைக் கோப்பான டாக்கர்ஃபைலைப் பத்திரப்படுத்துவதே முறை. இணைப்பின் பதிப்பும் சர்வரின் பதிப்பும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். விதிகளை மாற்றினால், முன்பே சேர்த்த நூல்களுக்கு அவை தாமாகச் சென்று சேராது. முழுப் பட்டியலையும் புதிதாக ஏற்ற வேண்டும். எனவே வாசகர்கள் உண்மையாகத் தேடும் சொற்களில் ஐம்பதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த நூல் வர வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்திற்குப் பிறகும் சோதித்துப் பார்க்கும்படி எல்லா அமைப்புகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

எந்தத் தேடுபொறி என்ற விவாதத்தில் செயற்குழுக் கூட்டங்களைக் கழிக்க வேண்டாம். 2021-இல் எலாஸ்டிக்சர்ச்சின் உரிமம் மாறியதும், அதிலிருந்து அமேசான் ஓப்பன்சர்ச்சைப் பிரித்ததும், 2024-இல் எலாஸ்டிக்சர்ச் மீண்டும் ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்துக்கொண்டதும் பெருநிறுவனங்களுக்கு முக்கியமானவை. ஒரு தமிழ்ச் சங்க நூலகத்திற்கு முன்சொன்ன மூன்று தேடுபொறிகளில் எதுவும் போதும். ஒரே சர்வரில் நடத்துவோர், தேடுபொறி காட்டும் நிலை மஞ்சளாக இருக்கிறதே என்று பதறவும் வேண்டாம். தரவின் பிரதியை வைக்க இரண்டாவது சர்வர் இல்லை என்பதே அதன் பொருள். பிரதிகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் பச்சையாகிவிடும். வட்டு நிறைவதைத்தான் கவனிக்க வேண்டும். 95 சதவீதத்தைத் தாண்டியதும் எலாஸ்டிக்சர்ச் புதிய பதிவுகளை ஏற்க மறுத்துவிடும். பெரும்பாலும் வட்டை நிறைப்பது நூல் பட்டியலாக இருக்காது. நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும், அளவு வரம்பு வைக்காத டாக்கரின் பதிவேட்டுக் கோப்புகளாகவே இருக்கும்.

இறுதியாக, ஆட்களைப் பற்றி. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பணிபுரியும் தமிழ் இளைஞர்கள், கேட்டால் மறுக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இத்தகைய சர்வர்களை நிறுவித் தருகிறார்கள். அவர்களுடைய அக்கறைக்கு நான் சாட்சி. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் வேலை மாறி ஹைதராபாத்துக்கோ அமெரிக்காவுக்கோ போய்விடுகிறார்கள். பாஸ்வேர்டு அவர்களுடைய மடிக்கணினியில் இருக்கிறது, சர்வரின் மாதக் கட்டணம் அவர்களுடைய வங்கி அட்டையில் போகிறது, கன்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று எழுதி வைத்த கம்போஸ் கோப்பு எங்கே என்று அமைப்பில் ஒருவருக்கும் தெரிவதில்லை. சர்வர் கணக்கு அமைப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும். டாக்கர்ஃபைல், கம்போஸ் கோப்பு, தமிழ் விதிகள், மூலப் பட்டியல் ஆகிய நான்கும் அமைப்பின் பொறுப்பில் இருக்க வேண்டும். எப்படித் தொடங்குவது, எப்படி நிறுத்துவது, எப்படி மீட்பது என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பை எழுதி, நிறுவியவர் அல்லாத இன்னொருவர் அதை மட்டும் பார்த்து வேறொரு கணினியில் முழுவதையும் எழுப்பிக் காட்ட வேண்டும். அப்படி எழுப்ப முடிகிற வரை நிறுவும் வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெங்களூரு, மும்பை, தில்லி என ஒவ்வொரு நகரத்துத் தமிழ் அமைப்பும் ஒற்றுக்கும் ஔகாரத்துக்கும் மாற்றெழுத்துக்கும் தனித்தனியே விதி எழுதிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. சில கிலோபைட் அளவே உள்ள எங்கள் வட்டத்தின் விதிக் கோப்புகளையும் ஐம்பது சொல் சோதனைப் பட்டியலையும், கேட்கும் எந்த நூலகத்துக்கும் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் இதை ஒரு பொது அழைப்பாக வெளியிட்டு, பிற அமைப்புகளிடம் உள்ள பட்டியல்களையும் திரட்டித் தர இயலுமா என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு