பெட்ரோல் நோட்டும் உன் புது வண்டியும்

அம்மாடி,

போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் எழுதுகிறேன். மின்சார வண்டி வாங்கலாமா, பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வாங்கலாமா, கூடுதலாகக் கொடுக்கிற பணம் திரும்ப வருமா என்று நீயும் மாப்பிள்ளையும் கேட்டீர்கள் இல்லையா, அன்று ராத்திரியே பழைய பெட்ரோல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது நீ ஓட்டுகிற வண்டி என்னிடம் இருந்த ஆறு வருஷமும், டேங்க் நிரப்பும்போதெல்லாம் தேதி, ரீடிங், எத்தனை லிட்டர் என்று அதில் எழுதியிருக்கிறேன். நடுவில் செருகி வைத்த பங்க் பில்லெல்லாம் வெளுத்துப்போய் வெறும் தாளாகிவிட்டது, பேனாவில் எழுதினது மட்டும் அப்படியே இருக்கிறது. கோவில்பட்டிக்குள் ஓட்டினால் லிட்டருக்கு 13 கிலோமீட்டர், மதுரை பைபாஸில் 18.

சரி, 13 என்றே வைத்துக்கொள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 70 காசு. மின்சார வண்டி வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வை. ஏசி ஓடுகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுவீர்கள், 600-க்கு மேல் 800 வரை யூனிட் 9 ரூபாய் 65 காசு என்று வை, அந்தக் கணக்கில் பார்த்தாலும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 60 காசுதான். மிச்சம் 6 ரூபாய் 10 காசு. இதைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்தது.

ஆனால் நீ எவ்வளவு ஓட்டுகிறாய்? மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி போக வர 40 கிலோமீட்டர், அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான். கடைக்கு, கோயிலுக்கு, வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்கு என்று எல்லாம் சேர்த்தாலும் 8,000 கிலோமீட்டர் பக்கம்தான் வரும். அப்படியென்றால் வருஷத்துக்கு மிச்சமாவது 49,000 ரூபாய். அந்த வண்டிக்கு 4 லட்சம் கூடுதல் என்று நீயே சொன்னாய், அது திரும்பி வர எட்டு வருஷத்துக்கு மேலாகும். அந்த 4 லட்சத்தையும் லோனில்தான் வாங்கப் போகிறீர்கள், 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷம் கட்டினால் வட்டியே கிட்டத்தட்ட 98,000, யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்போது பத்து வருஷம் ஆகிவிடும். பேட்டரிக்குப் பல கம்பெனிகள் கொடுக்கிற வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், அதாவது போட்ட பணம் திரும்பி வருவதற்கு முன்பே வாரண்டி முடிந்துவிடும். ஆயில் மாற்றுகிற செலவு கிடையாது, அது உண்மை, ஆனால் இன்சூரன்ஸில் கொஞ்சம் கூடும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, மின்சார வண்டிக்கு முன்பு இருந்த அதே 5 சதவீதம்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற விலை வித்தியாசம் இதனால் அதிகமாகத்தான் ஆனது, அதனால் பழைய கணக்கைச் சொல்கிறவர்கள் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

ஹைப்ரிட் சிக்னலில் இன்ஜினை அணைத்துவிடும், பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும், நீ போகிற ஓஎம்ஆர் ரோட்டு நெரிசலுக்கு ஏற்ற வண்டி, பைபாஸில் அவ்வளவு பிரயோஜனம் இல்லை. மாருதியின் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள், அது சோதனையில் வந்த கணக்கு. ஊருக்குள் 20 கிடைக்கும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய், உனக்கு வருஷத்துக்கு 22,000 கூட மிச்சமாகாது. இதற்காக இரண்டு மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம்ம தெருவில் வாடகை வண்டி ஓட்டுகிற தம்பி மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறான். அவன் மின்சார வண்டி வாங்கட்டும், ராத்திரி வீட்டு வாசலிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டால் ஒன்றரை வருஷத்துக்குள் அந்தக் கூடுதல் பணத்தை எடுத்துவிடுவான். உன் அபார்ட்மெண்டில் சார்ஜ் போட பாயிண்டே இல்லை என்றாய். வெளியே வேகமாகச் சார்ஜ் போடுகிற இடத்தில் யூனிட் 20 ரூபாய் என்றால் மிச்சமாகிற பணத்தில் நல்ல பங்கு அங்கேயே போய்விடும்.

பேரனுக்கு மூச்சு இழுக்கிறது, ஸ்கூல் வாசலில் நிற்கிற வண்டிப் புகையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. இங்கே கயத்தாறு பக்கம் காற்றாலை சுற்றுகிறது, தூத்துக்குடியில் நிலக்கரி எரித்தும்தான் கரண்ட் எடுக்கிறார்கள், ஆனாலும் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் மின்சார வண்டி புகை விடாது. அதற்காக வாங்குகிறோம் என்றால் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன், முன்பணத்துக்கு என்னால் ஆனதைத் தருகிறேன். மிச்சமாகும் என்று நினைத்து மட்டும் இஎம்ஐயில் மாட்டிக்கொள்ளாதே. பணம்தான் காரணம் என்றால் இருக்கிற வண்டியை இன்னும் இரண்டு வருஷம் ஓட்டு, டயர் மாற்றி, சர்வீஸுக்கு விட்டால் நன்றாக ஓடும்.

அசோசியேஷன் செக்ரட்டரியிடம் உங்கள் பார்க்கிங்குக்குத் தனி மீட்டர் வைக்க விடுவார்களா என்று இந்த வாரமே கேள். அப்புறம் இன்றைக்கு வண்டி ரீடிங்கை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, நான் கொடுத்த அன்றைய ரீடிங் நோட்டில் இருக்கிறது, 8,000 என்று நான் போட்டது சரியா என்று பார்த்துவிடலாம்.

அப்பா