அசிட்டோனால் துடைக்கச் சொன்ன குறிப்புத்தாள்: புகார்

தோ பாயோ,
சிங்கப்பூர்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஒலிம்பஸ் டிரிப் 35 கேமராவுக்காக வாங்கிய ரெக்சின் துண்டுகளும் அவற்றோடு வந்த குறிப்புத்தாளும்

ஐயா / அம்மையீர்,

இதே விஷயத்தை ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் "திரையில் தெரியும் நிறத்துக்கும் பொருளின் நிறத்துக்கும் சற்று வேறுபாடு இருக்கலாம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. நிறத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நிறம் அருமை. உங்கள் கடையில் பொருளை எடுத்துக் கொடுத்த தம்பி தமிழில் பேசினார். அவராவது படிப்பார் என்று இம்முறை தமிழில் எழுதுகிறேன்.

கேமரா என் அப்பாவுடையது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு வரைக்கும் காவடிகளோடு நடந்துகொண்டே அதில் படம் எடுப்பார். பல வருஷம் அலமாரியில் கிடந்ததில் மேல் ரெக்சின் அப்பளம்போல் உடைந்து உதிர்ந்தது. பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமலிருக்க ஒட்டியிருக்கும் பஞ்சு, நம் ஊர் ஈரக்காற்றில் கருப்பட்டிப் பாகாகியிருந்தது. பஞ்சை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பல்குத்தும் குச்சியுமாக இரண்டு இரவு உட்கார்ந்து சுரண்டி, புதிதாக ஒட்டினேன். அதில் ஒரு சிக்கலும் இல்லை. மேல்தோலுக்கு மட்டும், அம்மாவின் மயில்கழுத்துப் புடவை நிறத்தில் இருக்கிறதே என்று, 48 வெள்ளி கொடுத்து உங்கள் துண்டுகளை வாங்கினேன்.

முதல் குறை அளவு. பழைய ரெக்சினை உரிப்பதற்கு முன்பே அதன் மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் ஓரம் தேய்த்து அளவு எடுத்துவைத்திருந்தேன். உங்கள் பின்கதவுத் துண்டை அதன் மேல் வைத்தால் நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைகிறது. தொலைபேசியில் கேட்டதற்கு, "கொஞ்சம் இழுத்து ஒட்டுங்கள், வந்துவிடும்" என்றார்கள். இழுத்தேன், வந்தது. பத்தே நாளில் திரும்பிப் போய்விட்டது. இழுத்து ஒட்டிய ரெக்சின் தன் பழைய அளவுக்குச் சுருங்கத்தான் பார்க்கும். இப்போது இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, இடையே கசிந்த பசையில் பை நூலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

"பழைய கேமராவில் மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கும்" என்பது அடுத்த சமாதானம். அதையும் பார்த்துவிட்டேன். ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டைக் கழற்றினால் உள்ளே தயாரிப்புக் குறி இருக்கும், அதிலுள்ள இரண்டாவது எழுத்துக்குறி ஆண்டின் கடைசி இலக்கம். என்னுடையதில் 8. ஷட்டர் பொத்தான் கறுப்புப் பிளாஸ்டிக். தொடக்க காலத்து டிரிப்களில் உலோகப் பொத்தான்தான் என்பதால் இது 1968 இல்லை, 1978. உங்கள் பொட்டலத்தின் மேல் "1967 முதல் 1984 வரையிலான எல்லா டிரிப் 35-க்கும்" என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள்.

இது மட்டும் என்றால் 48 வெள்ளி போனது என்று விட்டிருப்பேன். என்னை எழுதவைத்தது குறிப்புத்தாளின் மூன்றாம் வரி: "பழைய பசையை அசிட்டோன் அல்லது நகப்பூச்சு நீக்கியால் துடைக்கவும். எல்லாக் கேமராக்களுக்கும் பாதுகாப்பானது."

டிரிப் 35-க்கு பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றிக் குமிழ் குமிழாக ஒரு வளையம் இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் செலினியம்தான் வெளிச்சத்தை மின்சாரமாக்கி, லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்தக் குமிழ் வளையம் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் என்னவாகும் என்று கேமரா சாமான் விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? முன்பக்கப் பசை பலாப்பிசின் மாதிரி பிடித்திருந்தது. பஞ்சுக்குச்சியிலிருந்து ஒரு சொட்டு வளையத்தில் விழுந்தது. உடனே ஒற்றி எடுத்தும், கண்ணில் புரை விழுந்ததுபோல் கால்வாசி வளையம் வெளுத்துவிட்டது. வளையத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டாதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பாதுகாப்பானது" என்று எழுதியிருந்ததை நம்பித்தான், கையிலேயே இருந்த ஆல்கஹாலை விட்டுவிட்டு அசிட்டோனை எடுத்தேன்.

விளைவு இதுதான். செலினியத்துக்குப் போகும் வெளிச்சம் குறைந்துவிட்டதால், நல்ல பகலிலும் கேமரா இருட்டு என்று நினைத்துத் துளையை அகலத் திறந்துவிடுகிறது. படங்கள் வெளுத்து வருகின்றன. மரநிழலுக்குப் போனாலே, கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள் சிவப்புக்கொடி எழும்பி ஷட்டர் பூட்டிக்கொள்கிறது. 200 வேக ஃபிலிமைப் போட்டுவிட்டு, ஃபிலிம் வேகத்தைக் குறிக்கும் திருகு வளையத்தை 400-இல் வைத்து, துளை குறைவாகத் திறக்கும்படி ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் கேமராவை நானே ஏமாற்ற வேண்டியிருக்கிறது. பழைய கேமரா பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். செத்துப்போன இன்னொரு டிரிப்பிலிருந்துதான் இந்தக் குமிழ் வளையத்தை எடுத்து மாட்ட முடியும் என்றார்.

ஆகவே, 48 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள், துண்டுகளை நான் கொண்டுவந்து தருகிறேன். வளையம் மாற்றும் செலவில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். கவனக்குறைவு என்னுடையதும்தான் என்பதால் முழுவதையும் கேட்கவில்லை. மூன்றாம் வரியை இன்றே நீக்கிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று மாற்றுங்கள், பிளாஸ்டிக் பாகங்களை மூடச் சொல்லுங்கள். முதல் இரண்டும் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன். இது தாமதமாகக் கூடாது, அந்தத் தாள் இன்னமும் ஒவ்வொரு பொட்டலத்திலும் போய்க்கொண்டிருக்கிறது.

பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை, வந்தபோதே இருந்ததாகக் கருதப்படும் என்று 2012 செப்டம்பரிலிருந்து இங்கே சட்டம் இருக்கிறது. நான் வாங்கி ஏழு வாரம்தான் ஆகிறது. 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்கும், அதன் பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போவேன். அங்கே மனுக் கட்டணம் 10 வெள்ளிதான்.

ரசீது, பென்சில் அளவுத்தாள், வளையத்தின் படங்கள் இணைத்துள்ளேன். குறிப்புத்தாளை மாற்றியதும் அதில் ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: நிறத்தைப் பற்றிய பதில் மீண்டும் வேண்டாம்.