சிரிக்கத்தான் துணை வேண்டும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய பட்டியலில் பாதிக்கு மேல் பார்த்துவிட்டேன். எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் "நல்லா இருந்துச்சு" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள் என்று போனில் குறைப்பட்டாயே, அதற்காகத்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா தூங்கிவிட்டார். நான் படம் பார்ப்பதும் இந்த நேரத்தில்தான்.

முதலில் ‘யாவரும் நலம்’. 2009இல் வந்தபோது பேய்ப் படம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டேன். இப்போது பார்த்ததும் இத்தனை வருஷம் விட்டுவிட்டோமே என்றிருந்தது. பதின்மூன்றாவது மாடியில் வீடு வாங்கிக் குடிவருகிறது ஒரு குடும்பம். வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் வருவதெல்லாம் அவர்கள் வீட்டிலேயே நடக்கிறது. லிப்ட் மாதவனுக்கு மட்டும் வேலை செய்யாது, வேறு யாராவது கூட ஏறினால் கிளம்பிவிடும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு விஷயம். அந்தத் தொடரில் முதலில் வருவதெல்லாம் நல்ல செய்திகள்தான். பரீட்சையில் பாஸ், வேலையில் உயர்வு, கர்ப்பம். ஒவ்வொரு நல்ல செய்திக்கும் வீடே சந்தோஷப்படுகிறது, எனக்கோ அடிவயிறு கலங்குகிறது. நல்லதைக் காட்டியே ஒருத்தர் இப்படிப் பயமுறுத்த முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. இயக்குநர் விக்ரம் குமாருக்கு அந்தப் பொறுமை இருந்திருக்கிறது.

‘பிட்சா’வும் பிடித்தது. பங்களாவுக்குள் மாட்டிக்கொண்ட விஜய் சேதுபதியின் கையில் டார்ச் மட்டும்தான். அந்த வெளிச்சம் எங்கே விழுகிறதோ அது மட்டும்தான் நமக்கும் தெரியும், மிச்சத்தை நம் மனசே இட்டு நிரப்பிக்கொள்கிறது. முடிவைப் பற்றி நீ வாய் திறக்காமல் இருந்தாயே, அதற்குத் தனியாக நன்றி. நானும் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

அப்புறம் ‘ஏ கொயட் பிளேஸ்’. இதைப் பற்றித்தான் உன்னிடம் நிறையப் பேச வேண்டும். சத்தம் கேட்டால் பாய்ந்து வந்து கொல்லும் பிராணிகள், அவற்றுக்குப் பயந்து பேச்சே இல்லாமல் சைகையில் வாழும் ஒரு குடும்பம். நீ இதைத் திகில் படம் என்று சொல்லித்தான் பார்க்கச் சொன்னாய். எனக்கு அது பெற்றவர்களைப் பற்றிய படம். மாடிப்படியில் ஒரு ஆணி நிமிர்ந்து நிற்பதை முன்னாலேயே காட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு யார் அந்தப் படியில் இறங்கினாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிறைமாதமாக இருக்கும் அந்த அம்மா வெறுங்காலோடு இறங்கி வரும்போது டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

அந்தக் குடும்பத்தின் காது கேளாத மகளாக நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் நிஜத்திலும் காது கேளாதவர். அவள் பக்கமிருந்து காட்டும்போது படத்தில் சத்தம் அடங்கிவிடுகிறது. பின்னால் ஆபத்து நிற்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தம்பி செத்துப்போனதற்குத் தான்தான் காரணம் என்றும், அதனால் அப்பாவுக்குத் தன்மேல் பாசம் இல்லை என்றும் அவள் மனசுக்குள் வைத்திருக்கிறாள். கடைசியில் அந்த அப்பா, உன்மேல் எப்போதும் எனக்குப் பாசம்தான் என்று தூரத்தில் நின்று சைகையில் சொல்கிறார். அந்த வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் சத்தமாகப் பேசிக்கொள்ள முடியாது. நமக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. அதனால் நானும் எழுதிவிடுகிறேன். நீ கிளம்பிப் போன அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை என்று நீ வருத்தப்பட்டிருக்கலாம். பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் பேசவில்லை.

சரி, பிடிக்காததையும் சொல்கிறேன். திடீரென்று காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுத் தூக்கிவாரிப் போட வைக்கிற படங்கள் இரண்டு பார்த்தேன். பெயர் வேண்டாம். பின்னால் நின்று யாராவது தட்டைக் கீழே போட்டாலும் நான் திடுக்கிடத்தான் செய்வேன், அது பயம் இல்லை. மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டால் பதினைந்து நிமிஷம் பார்வையாளர்கள் தவிப்பார்கள், காட்டாமல் வெடிக்க வைத்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சியோடு சரி என்று இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். ‘ஏ கொயட் பிளேஸ்’ ஆணி அந்த வெடிகுண்டுதான்.

பேயும் காமெடியும் கலந்த படங்களைப் பற்றி நம் இருவருக்கும் ஒத்துப்போகாது என்று எனக்குத் தெரியும். நீ மொத்தமாக வேண்டாம் என்கிறாய். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ‘காஞ்சனா’வை மறுபடி பார்த்தேன். முதல் பாதியில் எல்லோரும் கத்திக்கொண்டே இருப்பது அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சரத்குமார் திருநங்கையாக வரும் அந்த பிளாஷ்பேக்கில் படம் தன் விளையாட்டை எல்லாம் நிறுத்திவிடுகிறது. தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணைப் படிக்க வைத்து டாக்டராக்குகிறாள் காஞ்சனா. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் அந்தப் பேயின் மேல் எனக்குப் பரிவுதான் வந்தது. அதற்குப் பிறகு வந்த பல படங்கள் ஒரு பங்களா, நாலு காமெடி நடிகர்கள், கடைசியில் ஒரு பிளாஷ்பேக் என்று எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டன. அங்கே நீ சொல்வது சரி.

பயத்தையும் சிரிப்பையும் ஒன்றாகக் கட்ட முடியும் என்பதற்கு நான் காட்டுவது ‘காதலிக்க நேரமில்லை’. 1964இல் வந்த ஸ்ரீதர் படம். படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிறார். காற்று, கதவு என்று எல்லாச் சத்தமும் அவர் வாயாலேயே. பேய் வேஷம் இல்லை, இருட்டு பங்களா இல்லை. பாலையா உட்கார்ந்து கேட்கிறார், அவ்வளவுதான். இந்த முறை நாகேஷைப் பார்க்காமல் பாலையாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் பயம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அவர் நிஜமாகவே பயப்படுவதால்தான் நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்சம் மிகைப்படுத்தியிருந்தால்கூடக் காட்சி செத்துப்போயிருக்கும். நாகேஷ் எங்கே நிறுத்துகிறார், எவ்வளவு நேரம் நிறுத்துகிறார் என்று கவனித்துப் பார். மாடிப்படி ஆணிக்கு வைத்த அதே காத்திருப்புதான் இங்கேயும். ஒன்றில் மூச்சு நிற்கிறது, இன்னொன்றில் வெடித்துச் சிரிக்கிறோம்.

அந்தக் காட்சியைப் பார்க்கும்போது உன் ஞாபகம். நீ சின்னவளாக இருந்தபோது போர்வைக்குள் இருந்துகொண்டு எனக்குப் பேய்க் கதை சொல்வாய். பாதிக்கு வந்ததும் உனக்கே பயம் வந்து, மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்று என்னை ஒட்டிக்கொள்வாய். மீதி எதையும் நீ சொன்னதில்லை.

இதை எழுதும்போது ஒன்று புரிகிறது. ராத்திரியில் தனியாகப் பேய்ப் படம் பார்க்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. யாராவது பக்கத்தில் பேசினால்தான் பயம் கலைந்துவிடும். காமெடிதான் தனியாக முடியவில்லை. போன வாரம் ‘மைக்கேல் மதன காமராஜன்’ போட்டேன். கிளைமாக்ஸில் பள்ளத்தின் விளிம்பில் அந்த வீடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, எல்லோரும் உள்ளே உருளுகிறார்களே, அங்கே நாம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. 1925இல் சாப்ளினும் ‘தி கோல்ட் ரஷ்’ஷில் ஒரு மரக்குடிசையை இப்படித்தான் விளிம்பில் ஆடவிட்டார். விழுந்தால் சாவு என்கிற இடத்தில்தான் இரண்டு பேரும் சிரிப்பை வைத்திருக்கிறார்கள். கிரேசி மோகன் வசனம் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். ஆனால் இந்த முறை புன்னகைதான் வந்தது, சத்தமாகச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வசனத்தை எனக்கு முன்னால் சொல்லிவிட நீ இல்லையே.

அதனால் ஒரு யோசனை. இந்த ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஒத்துவருகிற ஒரு நேரத்தைச் சொல். நீ அங்கே, நாங்கள் இங்கே, ஒரே நேரத்தில் ‘காதலிக்க நேரமில்லை’யைப் போடுவோம். போன் ஸ்பீக்கரில் இருக்கட்டும். அப்பாவை நான் தூங்காமல் பார்த்துக்கொள்கிறேன். நாகேஷ் கதை சொல்ல ஆரம்பிக்கும்போது மட்டும் நீ டிவி சத்தத்தைக் குறைத்துவிடு, நீ சிரிப்பது எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: ‘பிரம்மயுகம்’ இன்னும் பார்க்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படம், மம்முட்டி வேறு. அதை ஒரு ராத்திரி நான் தனியாகவே பார்த்துக்கொள்கிறேன்.