நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதாதே

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பூ மழை இந்த வருஷம் நேரத்துக்குப் பெய்து, காப்பிச் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டதாக எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். மல்லிகை மாதிரி ஒரு வாசனை மலை முழுக்க வருமே, அது இங்கே வரைக்கும் வந்தது போல இருந்தது. இங்கே பதினோரு மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடியவில்லை. மாம்பழம் வர ஆரம்பித்திருக்கிறது, ஆனால் குண்டு இன்னும் புளிக்கிறது. இமாம்பசந்து வரட்டும், ஒரு கூடை எடுத்து வருகிறேன். வெள்ளிப் பட்டறையை மகனே முழுசாகப் பார்த்துக்கொள்கிறான். கண் மங்கிய பிறகு பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலைக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கொலுசு செய்தாயிற்று.

வருத்தம் உன் மேல்தான். போன மாதம் நான் ஜலதரங்கம் வாசித்த மூன்று ஒலிப்பதிவுகள் அனுப்பினேன். மூன்றுக்கும் சேர்த்து "நன்றாக இருந்தது" என்று ஒரே வரி எழுதிவிட்டு, உன் முட்டிவலிக் கதைக்குப் போய்விட்டாய். பத்தாம் வகுப்பில் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சுருதி சேரவில்லை என்று எழுந்து நின்று சொன்னவன் நீ. வகுப்பில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. அந்தக் காதைத்தான் நான் இப்போது கேட்கிறேன்.

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால் எப்படிச் சுரம் வரும் என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். ஜலதரங்கம் என்பது பீங்கான் கிண்ணங்கள்தான். அறுபத்து நான்கு கலைகளில் உதக வாத்தியம் என்று ஒன்று வருமே, தண்ணீரை இசையாக்கும் ஆசை அவ்வளவு பழையது. கிண்ணத்தைத் தட்டினால் அதன் சுவர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளும் வெளியும் அதிர்கிறது. உள்ளே தண்ணீர் இருந்தால் அந்தச் சுவர் தண்ணீரையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருக்கிறது. பாரம் ஏற ஏற அதிர்வு மெதுவாகும், சுரம் இறங்கும். சின்ன வயதில் பாட்டில் வாயில் ஊதி விளையாடினோமே, அது இதற்கு நேர் எதிர். அங்கே அதிர்வது காற்று. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், சுரம் ஏறும். முதல் வாரம் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, சுரம் ஏற வேண்டிய இடத்தில் எல்லாம் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் பதினாறு கிண்ணங்கள் இருக்கின்றன. சின்னக் கடைவீதியில் ஏறி இறங்காத பாத்திரக் கடை இல்லை. ஒவ்வொன்றையும் விரல் நுனியில் நிறுத்தித் தட்டிப் பார்த்து வாங்கினேன். மயிரிழை வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஓசை மட்டும் 'தொப்' என்று செத்துப்போகும். பெரியது இடது கைப்பக்கம், வர வரச் சின்னதாகி வலது பக்கம் முடியும்படி அரைவட்டமாக வைத்து, நடுவில் உட்கார வேண்டும். மோகன ராகத்துக்கு மந்தர (கீழ்) ஸ்தாயி பஞ்சமத்திலிருந்து தார (மேல்) ஸ்தாயி பஞ்சமம் வரை பதினோரு கிண்ணம் போதும். அதில் இரண்டே கிண்ணத்தை மாற்றினால் சுத்த சாவேரி ராகம். காந்தாரம் மத்திமமாக ஏறும்படி, அது இருக்கிற அந்த இரண்டிலிருந்தும் ஊசி கழற்றிய சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உறிஞ்சி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் சொட்டுக் கணக்கு. ஒரு சொட்டு அதிகமாக எடுத்துவிட்டால் மத்திமம் தாண்டிவிடும். மறுபடி ஒரு சொட்டு விட வேண்டும். அரை மணி நேரம் அந்தக் கிண்ணத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்து, மத்திமம் வந்து நிற்கும்போது உடம்பு சிலிர்த்துவிடும் பங்காளி. முதல் தடவை அது நடந்த அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினேன்.

சொல்லித்தர இங்கே எனக்கு ஆள் அமையவில்லை. சீதாலட்சுமி துரைசுவாமி அம்மாள், ஆனையாம்பட்டி கணேசன் ஐயா இவர்கள் வாசித்த பதிவுகளை ஓட விட்டு, நிறுத்தி, மறுபடி ஓட விட்டுத்தான் படிக்கிறேன். அந்த அம்மாள் 2013-ல் காலமாகிவிட்டார். பதிவு சொல்லிக்கொடுக்கும், ஆனால் நான் செய்கிற தப்பைப் பார்த்துத் தொடையில் தட்டி நிறுத்தாது. குரு செய்வது அதைத்தானே? அதனால்தான் மகளிடம் சொல்லி, சங்கீதம் தெரிந்த நாலைந்து பேருக்கு வாட்ஸ்ஆப்பில் என் வாசிப்பை அனுப்பச் சொன்னேன். ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. நல்லதைச் சொல்ல வேண்டாம், குறையை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், சுருதி விலகிய கிண்ணத்தோடு அரை மணி உட்கார்ந்திருந்தால் அதுதான் சரி என்று என் காதே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதற்கு மேல் என் காதை வைத்து என் காதைச் சோதிக்க முடியாது. இன்னொருவர் காது வேண்டும், அதுவும் என் மேல் பாசம் இல்லாத காதாக இருந்தால் நல்லது. பேரன் "சூப்பர் தாத்தா" என்கிறான். மனசு நிறைகிறது. மறுநாள் வாசிப்பு முந்தின நாள் மாதிரியேதான் இருக்கிறது.

திருச்சியிலிருந்து ஓய்வு பெற்ற வயலின் டீச்சர் அம்மா ஒருவர் எழுதியிருந்தார்: "கீழ் ஸ்தாயி சேர்ந்திருக்கிறது. மேலே கடைசி மூன்று கிண்ணமும் கொஞ்சம் ஏறி ஒலிக்கிறது. போகப் போக அதிகமாகிறது." நான் நம்பவில்லை. காலையில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்த கிண்ணங்கள் அவை. போனில் சுருதி பார்க்கும் செயலியைப் போட்டுத் தட்டிப் பார்த்தேன், அவர் சொன்ன அதே மூன்றும் ஏறியிருந்தன. காலையில் சுருதி சேர்த்துவிட்டு மத்தியானம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறேன். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு எல்லாக் கிண்ணத்திலும்தான் தண்ணீர் வற்றும். பெரிய கிண்ணத்தில் நிறைய இருக்கிறது, தெரியவில்லை. சின்னக் கிண்ணத்தில் இருப்பதே நாலு கரண்டி. அதில் கால் கரண்டி போனால் சுரம் நகர்ந்துவிடுகிறது. இது எனக்குத் தானாகத் தெரியவே வந்திருக்காது. இப்போது விசிறியை அணைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வாசிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்கிறேன்.

இன்னொருவர் எழுதியது முள்ளாகக் குத்தியது. "பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் கேட்கிறது" என்று ஒரே வரி. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் கிண்ணங்களின் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அதே பதிவை நானே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு 'டக்'. அதற்குப் பிறகுதான் நாதம். ஒரு தடவை அது காதில் விழுந்துவிட்டால் பிறகு அது மட்டும்தான் கேட்கிறது.

கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து இறங்குகிறது. பட்டறையில் சுத்தியல் பிடித்த கை அது, நேராக மேலிருந்து இறங்கி, அடித்த இடத்திலேயே ஒரு கணம் நிற்கும். வெள்ளிக்கு அது வேண்டும். பீங்கானுக்கு அது கூடாது. குச்சி விளிம்பைத் தொட்டதும் எழுந்துவிட வேண்டும், இல்லையென்றால் தான் எழுப்பின நாதத்தைத் தானே அமுக்கிவிடும். குச்சியும் தடிமன். இழைத்து இழைத்து மெல்லியதாக்கினேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மணிக்கட்டால் மட்டும் தட்டிப் பழகுகிறேன். இரண்டு மாதம் ஆகிறது. பத்துக்கு ஏழு தடவை அந்த 'டக்' போய்விட்டது. மூன்று தடவை இருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதியவருக்கு நன்றி சொல்லி மகளை விட்டு எழுதச் சொன்னேன். பதில் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை.

வருகிறதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே. ஒருவர், "கமகம் வராத வாத்தியத்தில் கர்நாடக சங்கீதம் எதற்கு, கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். கமகம் என்றால் சுரத்தை வளைத்து அசைப்பது. ஒரு வாரம் யோசித்தேன். பாதி அவர் சொன்னது சரி. நான் அனுப்பியது கல்யாணி ராகம். ஒலித்துக்கொண்டிருக்கும்போது குச்சி நுனியால் தண்ணீரைத் தொட்டு அசைத்தால் சுரம் ஒரு நெளிவு நெளியும். தேர்ந்தவர்கள் அதில் என்னென்னவோ செய்கிறார்கள். எனக்கு அது இன்னும் கைக்கு வரவில்லை. கல்யாணியின் சுரங்களைத் தனித்தனியாகத் தட்டி வைத்தால் அது கல்யாணி ஆகிவிடாது. அதை எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் கீபோர்டு வாங்க மாட்டேன். தண்ணீரிலிருந்து வருகிற அந்தக் குளிர்ந்த நாதத்துக்காகத்தானே இதில் இறங்கினேன்.

எங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு வியாபாரி முப்பது ஜோடி கொலுசை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அதில் ஒரு ஜோடியில், ஒரே ஒரு சலங்கை ஊமை. உள்ளே முத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒன்றை மட்டும் அனுப்பியிருக்கலாமே என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. முப்பது ஜோடியையும் எடுத்து ஒவ்வொன்றாகக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். இன்னும் இரண்டு ஊமைச் சலங்கை அகப்பட்டது. அந்த வியாபாரிக்கும் அது தெரியாது. அதற்குப் பிறகு அவருக்குப் போகிற சரக்கை மட்டும் அப்பா தானே ஆட்டிப் பார்த்துத்தான் கட்டுவார். நானும் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். தேதி, ராகம், யார் என்ன குறை சொன்னார்கள், எந்தக் கிண்ணம். சரியானால் ஒரு கோடு அடிப்பேன். நாற்பத்தொன்றில் பதினெட்டு அடித்தாகிவிட்டது.

அந்த நோட்டில் உன் பேரில் ஒரு வரிகூட இல்லை. நான் மனசு நோவேன் என்று பயந்துதான் "நன்றாக இருந்தது" என்று எழுதினாய், எனக்குத் தெரியும். முகம் தெரியாதவர்கள் சொல்லி நொந்ததையே தாங்கியவன், நீ சொன்னால் தாங்க மாட்டேனா? இரண்டாவது பதிவை மறுபடி கேள். டிவியை அணைத்துவிட்டுக் கேள். நடுவில் ரிஷபத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவுகிற இடத்தில் எனக்கே ஏதோ உறுத்துகிறது, என்ன என்று பிடிபடவில்லை. அது தாளமா, கிண்ணமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். பதினோரு கிண்ணத்தை மட்டும் பழைய வேட்டியில் தனித்தனியாகச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வருவேன். இருபது கொண்டை ஊசி வளைவு, கீழே வைக்க மனசு வராது. உங்கள் திண்ணையில் விசிறி வேண்டாம், வெயில் இல்லை, தண்ணீர் சீக்கிரம் வற்றாது. நான் வாசிக்கும்போது நீ எனக்கு முதுகு காட்டித் தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள். என் முகம் தெரிந்தால் நீ சொல்ல மாட்டாய். தப்பு கேட்கும்போது கையைத் தூக்கு, நான் நிறுத்திவிடுகிறேன். தங்கச்சியிடம் சொல்லி, சனிக்கிழமை ராத்திரியே ஒரு குடம் தண்ணீர் எடுத்துத் திண்ணையில் வைத்துவிடச் சொல்.

அன்புடன்,
உன் செவ்வாய்ப்பேட்டைப் பங்காளி